கரண்ட் போனாலும் அம்சவள்ளி போகமாட்டாள்

இந்த வீட்டில் இனிமேல் இருட்டு என்பதே கிடையாது என்று நான் சபதம் எடுத்தேன். கையில் தோசைக் கரண்டியோடு எடுத்தேன். ஏனென்றால் அப்போது எனக்கு நானே தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். அதுவும் டார்ச் லைட்டை வாயில் கவ்விக்கொண்டு. சபதத்தைச் சத்தமாகச் சொன்னால்தான் மதிப்பு என்று வாயைத் திறந்தேன். டார்ச் மாவுப் பாத்திரத்தில் விழுந்து முழுகிவிட்டது.

மீதி சபதத்தை இருட்டில் எடுத்தேன்.

என் பெயர் ஆதிமூலம். மரக்காணம் உப்பளத்தில் லோடு மேஸ்திரி. நான் கையைத் தூக்கினால் பத்து டன் லாரி நிற்கும். நான் விசில் அடித்தால் மூட்டை தூக்குகிற ஆட்கள் ஓடி வருவார்கள். வீட்டில் நான் கையைத் தூக்கினால் "அக்குள்ல சட்டை கிழிஞ்சிருக்குது பாருங்க" என்பாள் என் மனைவி அம்சவள்ளி. அவ்வளவுதான் வித்தியாசம்.

அம்சவள்ளிக்கு ஒரு வழக்கம் உண்டு. கரண்ட் போனால் அவளும் போய்விடுவாள்.

அனுமந்தையில் அவளுடைய அம்மா வீடு. தம்பி பிரபாகரன் அங்கே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். அவன் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. எங்கள் வீட்டில் ஃபேன் நின்று, அதன் இறக்கைகள் கண்ணுக்குத் தெரிவதற்குள் இவள் பையைத் தூக்கி விடுவாள். தம்பிக்கு ஒரு போன். ஆட்டோ வந்துவிடும். திரும்பி வருவது அவள் இஷ்டம். கரண்ட் வந்தும் வராமல் இருந்திருக்கிறாள்.

எங்கள் ஊரில் கரண்ட் அடிக்கடி போவதற்குக் காரணம் யாருமில்லை. கடல் காற்றுதான். காற்றில் இருக்கிற உப்பு, கம்பத்துப் பீங்கானில் போய் உட்கார்ந்துகொள்ளும். லேசாகப் பனி விழுந்தால் போதும், டப்பென்று போய்விடும். அனுமந்தைக்கும் அதே காற்றுதான், அங்கேயும் போகும்.

"எல்லாம் நீங்க லோடு ஏத்துற உப்புதான்" என்பாள் அம்சவள்ளி, பையின் ஜிப்பை இழுத்தபடியே. "உங்களாலதான் கரண்ட் போவுது. உங்களாலதான் நான் போறேன்."

தோசை ஊற்றிய அன்று போன் செய்தேன்.

"அம்சா, எப்ப வர்ற?"

"அங்க கரண்ட் வந்துடுச்சா?"

"இன்னும் இல்ல."

"கரண்ட்டே வரல. நான் மட்டும் எதுக்கு?"

"எனக்குச் சோறு?"

"மாவு இருக்குது. ஊத்திக்குங்க."

"டார்ச் அதுல விழுந்துடுச்சி."

"எடுத்துட்டு ஊத்துங்க" என்றாள்.

அந்த நிமிஷம்தான் நான் ஆம்பளை ஆனேன். அவள் திரும்பி வந்ததும் நேருக்கு நேர் நின்றேன்.

"ஜெனரேட்டர் வாங்கப் போறேன்."

"எதுக்கு?"

"கரண்ட் போனா லைட் எரியறதுக்கு."

"மெழுகுவத்தி எரியும்."

"ஃபேன் ஓடறதுக்கு."

"விசிறி இருக்குது."

"ஏசி ஓடறதுக்கு."

"கரண்ட் இருக்கறப்பவே அந்த ஏசியைப் போட விடமாட்டீங்க. கரண்ட் போனாதான் போடுவீங்களா?"

இது நியாயமான கேள்வி. நியாயமான கேள்விகளுக்கு நான் வீட்டில் பதில் சொல்வதில்லை.

"இது சாதாரண ஜெனரேட்டர் இல்ல. ஆட்டோமேட்டிக். கயிறு இழுக்க வேணாம், சாவி போட வேணாம். கரண்ட் போச்சுன்னா அதுவே தெரிஞ்சிக்கினு ஓடும். வந்துடுச்சுன்னா அதுவே நின்னுக்கும். யாரும் ஒரு வார்த்தை சொல்ல வேணாம்."

"சொல்லாமயே வேலை செய்யுமா?"

"செய்யும்."

அம்சவள்ளி என்னைத் தலையிலிருந்து கால்வரைக்கும் ஒருமுறை பார்த்தாள்.

"இந்த வீட்டுல அது ஒத்துப்போவாது. வேணாங்க."

வேண்டாம் என்றுவிட்டாள். போதாதா? இனி எந்த சக்தியாலும் என்னைத் தடுக்க முடியாது. பக்கத்துத் தெரு சகாயராஜ் ஜெனரேட்டர் மெக்கானிக். ஆரோவில் பக்கம் பெரிய பெரிய கட்டடங்களுக்கெல்லாம் மாட்டுகிறவன். அவனைப் பிடித்து, அந்த வாரமே மெஷினை இறக்கிவிட்டேன்.

மெஷின் பார்க்க ஒரு பீரோவைப் படுக்க வைத்த மாதிரி இருந்தது. தகரக் கூரை போட்டால் எங்கள் ஊர்க் காற்றுக்கு ஒரே வருஷத்தில் சல்லடையாகிவிடும். அதனால் பின்கட்டில் ஃபைபர் ஷீட் போட்டு, அதன் கீழே மேடை கட்டி உட்கார வைத்தோம். வயர் இழுக்கிற நேரம் பார்த்து உப்பளத்துக்கு லாரி வந்துவிட்டது என்று போன். போனேன். திரும்பி வருவதற்குள் சகாயராஜ் வேலையை முடித்துவிட்டு, அம்சவள்ளி கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, இங்க பாருங்க. இந்தக் குமிழ் ஆட்டோவுல இருக்கணும். இப்படித் திருப்பினா ஆஃப். இந்தப் பக்கம் மேனுவல்."

"அதாவது, நான் திருப்பினா திரும்பும்?"

"திரும்பும்ணே. போன்லயும் பார்க்கலாம். அதுக்கு ஒரு ஆப் இருக்குது. மெஷின் ஸ்டார்ட் ஆனா மெசேஜ் வரும், நின்னா மெசேஜ் வரும். அண்ணி போன்ல போட்டுக் குடுத்துட்டேன்."

"அவ போன்ல எதுக்குடா?"

"உங்க போன்தான் உங்களோடயே உப்பளத்துக்குப் போயிடுச்சேண்ணே."

நான் பெருந்தன்மையாகச் சிரித்தேன். போனில் மெசேஜ் பார்ப்பதெல்லாம் பொம்பளை வேலை. குமிழ் என் கையில் இருந்தால் போதும். குமிழ் யார் கையில் இருக்கிறதோ அவன்தான் குடும்பத் தலைவன்.

முதல் சோதனை ஒரு சாயங்காலம் வந்தது. நான் டிவியில் கபடி பார்த்துக்கொண்டிருந்தேன். ரைடுக்குப் போனவன் கோட்டைத் தொடப் போகிறான். டப். எல்லாம் போச்சு.

சமையலறையிலிருந்து அம்சவள்ளி வெளியே வந்தாள். நேராக ஆணியில் தொங்குகிற பையை நோக்கி நடந்தாள். கை பையைத் தொட்டது. பின்கட்டில் 'க்ரூம்ம்' என்று ஒரு சத்தம். பேனல் பெட்டிக்குள் 'டக்' என்று இன்னொரு சத்தம். லைட் எரிந்தது. ஃபேன் சுற்றியது. டிவியில் அந்த ரைடர் எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தான்.

அம்சவள்ளி பையைப் பார்த்தாள். ஃபேனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"எங்க கெளம்பிட்ட?" என்றேன். எத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்த கேள்வி தெரியுமா அது!

"எங்கயும் இல்ல" என்று சொல்லிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. எழுந்து நின்று ஒரு சின்ன உரை ஆற்றினேன். "பார்த்துக்கோ அம்சா. இன்வெர்ட்டர்னா என்ன? பேட்டரியில கொஞ்சம் உசுரு வச்சிக்கினு மூச்சு வாங்குற சமாச்சாரம். இது ஜெனரேட்டர். சிங்கம். இனிமே கரண்ட் போனாலும் நீ போகமாட்ட. போக வேண்டிய அவசியமே இல்ல."

"ஆமாங்க" என்றாள். எதிர்த்தே பேசவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஜெயித்த மப்பு.

உரையின் ஈரம் காய்வதற்குள் வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டது.

முதலில் இறங்கியது என் மாமியார் அருக்காணி. அடுத்து பிரபாகரனின் மனைவி சந்தியா, கைக்குழந்தையோடு. அதற்கடுத்து ஒரு பாய், ஒரு தலையணை, ஒரு பெரிய தூக்குவாளி. கடைசியாகப் பிரபாகரன், ஆட்டோ சாவியை விரலில் சுற்றிக்கொண்டு.

"மாப்ள, நல்லா இருக்கீங்களா? நல்லாத்தான் இருப்பீங்க. வாசல் வரைக்கும் ஃபேன் காத்து வருதே" என்று மாமியார் என்னைக் கடந்து போனார்.

"என்ன மச்சான் திடீர்னு? உங்க வீட்டுலதான் இன்வெர்ட்டர் இருக்குதே?" என்றேன்.

"இன்வெர்ட்டர்ல ஏசி ஓடாதே மாமா" என்றான் பிரபாகரன்.

சந்தியா குழந்தையின் சட்டையை விலக்கிக் காட்டினாள். "பாருங்கண்ணே, முதுகு பூரா வேர்க்குரு. ராவும் பகலும் தூங்காம அழுவுறான்." அந்தச் சின்ன முதுகு குங்குமத்தைக் கொட்டிய மாதிரி சிவந்திருந்தது. அதைப் பார்த்த பிறகு எவன் வாயைத் திறப்பான்? ஏசி அறைக் கதவை நானே திறந்துவிட்டேன். உள்ளே போனதும் குழந்தை என்னைப் பார்த்துப் பொக்கை வாயைக் காட்டியது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. மற்ற மூன்று பேரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டதில்தான் வருத்தம்.

சரி, ஒருநாள் கூத்து என்று நினைத்தேன். அடுத்த முறை கரண்ட் போனது. மறுபடி வாசலில் ஆட்டோ. அதற்கடுத்த முறை போனது. ஆட்டோ. கத்திரி வெயில் ஆரம்பித்தது, தினம் ஒரு தடவையாவது போனது, தினம் ஆட்டோ. கரண்ட் இங்கே போனது அனுமந்தையில் இவர்களுக்கு எப்படித் தெரிகிறது? அம்சவள்ளி போனைத் தொடவே இல்லையே? காவல் வைத்த மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முறம் எடுத்து அரிசி புடைத்துக்கொண்டிருப்பாள். ஆட்டோ வந்து நிற்கும்.

ஒருநாள் பிரபாகரன் போனை டீப்பாய் மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனான். அந்த நேரம் பார்த்து, வந்திருந்த கரண்ட் மறுபடி போனது. ஜெனரேட்டர் ஓடியது. அவன் போன் 'டிங்' என்றது. எட்டிப் பார்த்தேன். 'உங்கள் ஜெனரேட்டர் இயங்கத் தொடங்கியது.'

'உங்கள்' ஜெனரேட்டராம்!

"அம்சா! இது என்னா?"

"அதுவாங்க? சகாயராஜ் தம்பி கேட்டுச்சு, மெசேஜ் வேற யாருக்காவது போகணுமா அண்ணின்னு. என் தம்பி நம்பரைக் குடுத்தேன். ஒரு அவசரம்னா ஆம்பளை ஆளு வேணும் இல்ல?"

"நான் ஆம்பளை இல்லையா?"

"நீங்க உப்பளத்துல இருப்பீங்க இல்ல?"

ஆட்டோமேட்டிக் என்பதற்கு அர்த்தம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. கரண்ட் போனால், யாரும் ஒரு வார்த்தை சொல்லாமல், ஆட்டோ தானாகவே வாசலுக்கு வரும்.

உப்பு லோடு எத்தனை வந்தாலும் சமாளிப்பவன் நான். மாமியார் வீட்டு லோடு வேறு ரகம். மாமியார் ஊறவைத்த அரிசியைத் தூக்குவாளியில் கொண்டுவர ஆரம்பித்தார். "இன்வெர்ட்டர்ல கிரைண்டர் ஓடாது மாப்ள. இங்கயே ஆட்டிக்கிறேன்." சந்தியா குழந்தையின் துணிகளை மூட்டை கட்டிக் கொண்டுவந்தாள். "இன்வெர்ட்டர்ல வாஷிங் மெஷின் ஓடாதுண்ணே." இன்வெர்ட்டரில் என்னதான் ஓடும் என்று கேட்டேன். "மனுசங்க ஓடலாம் மாமா" என்று சொல்லிவிட்டுப் பிரபாகரன் சிரித்தான். அவன் சிரிப்புக்கும் சேர்த்து டீசல் கேனைத் தூக்கி வந்து ஊற்றியவன் நான்.

ஒருநாள் ஏசி, கிரைண்டர், வாஷிங் மெஷின் மூன்றும் சேர்ந்து ஓட, ஜெனரேட்டர் ஒரு உறுமு உறுமிவிட்டுப் படுத்துவிட்டது. சகாயராஜ் வந்து பார்த்தான்.

"லோடு தாங்கலண்ணே. எதையாவது ஜெனரேட்டர் லைன்லேர்ந்து கழட்டணும்."

"கிரைண்டரைக் கழட்டு" என்றேன்.

"நாளைக்கு உங்களுக்கு இட்லி?" என்றாள் அம்சவள்ளி.

"வாஷிங் மெஷினைக் கழட்டு."

"உங்க சட்டையும் அதுலதான் தொவைக்கிறோம்ணே" என்றாள் சந்தியா.

"ஏசி..." என்று ஆரம்பித்தேன். உள்ளே குழந்தை தூக்கத்தில் ஒரு சின்னச் சத்தம் போட்டது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஒரு கொலைகாரனைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள்.

"ஹால்ல டிவி, ஃபேன். அது ரெண்டும் என்னாத்துக்கு?" என்றார் மாமியார். "ஹால்ல யாரு இருக்கா?"

"நான் இருக்கேன்!"

"அதான் கேக்கறேன் மாப்ள. வேற யாரு இருக்கா?"

சகாயராஜ் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். இரண்டே நிமிஷம். அன்றிலிருந்து கரண்ட் போனால் என் ஜெனரேட்டர் ஓடும். என் வீடு முழுக்க வெளிச்சமாக இருக்கும். நான் மட்டும் நடு ஹாலில், நின்றுபோன ஃபேனுக்குக் கீழே, பனை விசிறியோடு உட்கார்ந்திருப்பேன். டிவியில் என் முகம்தான் தெரியும்.

நான் விடுவேனா? நான் யார்? லோடு மேஸ்திரி. குமிழ் இருக்கிறதே!

மறுநாள் உப்பளத்துக்குக் கிளம்புகிற மாதிரி பின்பக்கமாகப் போனேன். சுற்றுமுற்றும் பார்த்தேன். மூடியைத் தூக்கிக் குமிழை ஆஃபில் திருப்பினேன். முகத்தில் சோகத்தை வரவழைத்துக்கொண்டு உள்ளே வந்தேன்.

"அம்சா, மெஷின் ஏதோ சத்தம் வேற மாதிரி வருது. ரிப்பேர்னு நெனைக்கிறேன். ஒரு மாசம் ஆவும் போல. உங்கம்மா வீட்டுக்குச் சொல்லிடு, வீணா அலைய வேணாம்."

அம்சவள்ளி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"ஓடாத மெஷின்ல சத்தம் எப்படிங்க வேற மாதிரி வரும்?"

"அது... நேத்து வந்த சத்தம்."

"அப்படியா?" பக்கத்தில் இருந்த போனை எடுத்து என் பக்கம் திருப்பிக் காட்டினாள். "இப்ப ஒரு நிமிஷத்துக்கு முன்னாடி டிங்குன்னுச்சு. 'ஜெனரேட்டர் ஆஃப் நிலைக்கு மாற்றப்பட்டது.' யாருங்க மாத்தியிருப்பா? பின்கட்டுல பூனைதான் வரும். நம்ம தெருப் பூனைக்குக் குமிழ் திருப்பத் தெரியுமா?"

"தெரிஞ்சாலும் தெரியும். இப்பல்லாம் பூனைங்க ரொம்ப..."

"போய் ஆட்டோவுல வச்சிட்டு வாங்க."

போய் வைத்துவிட்டு வந்தேன். உங்களிடம் ஒன்று சொல்லிக்கொள்கிறேன், நான் பயந்துபோய் வைக்கவில்லை. குழந்தைக்காக வைத்தேன். அன்று மாலை அம்சவள்ளி மெஷின் மூடிக்கு ஒரு பூட்டுப் போட்டாள். சாவியைத் தாலிச் சரடில் கோத்துக்கொண்டாள். அதாவது, என்னைக் கோத்திருக்கிற அதே இடத்தில்.

அந்த வீட்டில் ஒரே ஒரு நிம்மதி மிச்சமிருந்தது. ராத்திரியானால் எல்லோரும் அனுமந்தைக்குக் கிளம்பிவிடுவார்கள். பிரபாகரன் ஆடு வளர்க்கிறான். அதுகளைக் கொல்லையில் கட்டி, புல் போட்டு, தண்ணீர் காட்ட ஆள் வேண்டும்.

"குழந்தைக்கு இங்கதான் ஒத்துக்குதுடி அம்சா. வேர்க்குரு பாதி அமிஞ்சிடுச்சு. கத்திரி முடியற வரைக்கும் இங்கயே இருந்துட்டா நல்லாயிருக்கும். ஆட்டை என்னா பண்றது?" என்று மாமியார் ஒருநாள் கிளம்பும்போது பெருமூச்சு விட்டார்.

"பார்க்கலாம்மா" என்றாள் அம்சவள்ளி.

அந்த ஆடுகள் நூறு வருஷம் வாழ வேண்டும் என்று நான் மனதார வேண்டிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. கபடி இறுதி ஆட்டம். மத்தியானம் கரண்ட் போனது. ஆட்டோ வந்தது. இந்த முறை பாய் இரண்டு, பெட்டி இரண்டு. நான் கவனித்தேன், கேட்கவில்லை. மனசெல்லாம் கபடியில் இருந்தது.

"அம்சா, ஒரே ஒரு மணி நேரம். ஹால் டிவிக்கு லைன் குடு."

"லோடு தாங்காதுங்க."

"வாஷிங் மெஷினை நிறுத்து."

"துணி பாதியில நிக்குது."

"கிரைண்டரை நிறுத்து."

"மாவு பாதியில நிக்குது."

"நான்? நான் எதுல நிக்கிறேன்?"

"நீங்க வழியில நிக்கிறீங்க. கொஞ்சம் தள்ளுங்க, அம்மா பாய் விரிக்கணும்."

பொறுமைக்கும் ஒரு எல்லை உண்டு. நான் விசிறியைத் தரையில் வீசினேன். அது சத்தமில்லாமல் விழுந்தது. பரவாயில்லை, நான் சத்தம் போட்டேன்.

"போதும்! இது என் வீடு. என் ஜெனரேட்டர். என் டீசல். இதுல எனக்கு ஒரு பாயிண்ட்டுகூட இல்ல. நான் வெளிநடப்பு செய்யறேன்!"

ஏசி அறைக் கதவு லேசாகத் திறந்தது. மூன்று தலைகள் தெரிந்தன. அம்சவள்ளி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவள் முகத்தில் கவலை. கல்யாணம் ஆன நாளாக நான் பார்க்காத கவலை.

"கோவப்படாதீங்க. எங்க போவீங்க இந்த வெயில்ல?"

"எங்க வேணாலும் போவேன்."

"சரி. எங்க வேணாலும் போங்க." குரல் தழுதழுத்தது. "எங்கம்மா வீட்டுக்கு மட்டும் போயிடாதீங்க."

"ஏன்?"

"அங்க ஒருத்தரும் இல்ல. இன்வெர்ட்டர் ஃபுல்லா சார்ஜ் ஆகிச் சும்மா கெடக்குது. நீங்க பாட்டுக்குப் போயி, ஃபேனைப் போட்டுக்கினு, டிவியைப் போட்டுக்கினு, காலை நீட்டிக்கினு ராஜா மாதிரி உக்காந்துடுவீங்க. தொணதொணன்னு கேக்கறதுக்குக்கூட ஆளு இருக்காது. வேணாங்க. அங்க மட்டும் வேணாம்."

எனக்குள் ஒரு பல்பு எரிந்தது. அட! இத்தனை நாளாக இது தோன்றவில்லையே! அவர்கள் என் வீட்டைப் பிடித்தால் நான் அவர்கள் வீட்டைப் பிடிக்கிறேன். அவள் வருஷக்கணக்காக எனக்குச் செய்ததை நான் அவளுக்குத் திருப்பிச் செய்கிறேன். கரண்ட் போனால் இனி நான் போவேன்!

"அங்கதான் போவேன்!" என்றேன்.

"வேணாங்க..."

"போவேன். கத்திரி முடியற வரைக்கும் அங்கயே இருப்பேன். நீ வந்து கூப்பிட்டாலும் வரமாட்டேன். உன் தம்பி வந்து கால்ல விழுந்தாலும் வரமாட்டேன்."

"மாமா, அவ்ளோ பெரிய வார்த்தையெல்லாம் சொல்லாதீங்க" என்றான் பிரபாகரன், கதவிடுக்கிலிருந்து.

"சொல்லிட்டேன். ஆதிமூலம் சொன்னா சொன்னதுதான்!"

நான்கு சட்டை, இரண்டு வேட்டி எடுத்துப் பையில் திணித்தேன். எந்தப் பையில் தெரியுமா? ஆணியில் தொங்கிய அவளுடைய பையில்! அம்சவள்ளி கண்ணைத் துடைத்துக்கொண்டே டிபன் பாக்ஸில் சோறும் கருவாட்டுக் குழம்பும் கட்டிக் கொடுத்தாள். வாங்க மறுத்தேன். குழம்பு வாசனை வந்தது. வாங்கிக்கொண்டேன். அது வேறு, கொள்கை வேறு.

வாசலைத் தாண்டும்போது மாமியார் குரல் கேட்டது.

"மாப்ள!"

கெஞ்சப் போகிறார் என்று கம்பீரமாகத் திரும்பினேன்.

"கதவைச் சாத்திட்டுப் போங்க. கூலிங் வெளிய போவுது."

பாண்டி பஸ் பிடித்தேன். ஜன்னலோர சீட். ஒரு பக்கம் உப்புப் பாத்திகள் வெள்ளை வெளேரென்று மின்னின. அம்பாரம் அம்பாரமாக உப்பு. காற்று முகத்தில் அடித்தது. என்ன சுகம் தெரியுமா! பக்கத்து சீட்காரர் "எங்க போறீங்க?" என்றார். "மாமியார் வீட்டுக்கு" என்றேன். "விருந்தா?" என்றார். "படையெடுப்பு" என்றேன். அவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

அனுமந்தையில் இறங்கினேன். பிரபாகரன் வீடு பூட்டியிருந்தது. சாவி எப்போதும் பக்கத்து வீட்டு அந்தோணியம்மாளிடம் இருக்கும். அது எனக்குத் தெரியும். நான் போய்ச் சொல்லாமல் கொள்ளாமல் நின்றால் அந்த அம்மா ஆச்சரியப்படும், 'என்னண்ணே திடீர்னு?' என்று கேட்கும். 'ஒரு மாற்றத்துக்காக' என்று சொல்லிக்கொள்ளலாம் என்று தலையைத் தடவி மீசையை முறுக்கிக்கொண்டு கதவைத் தட்டினேன்.

அந்தோணியம்மாள் கதவைத் திறந்தாள். ஆச்சரியப்படவில்லை. ஒரு கையில் சாவி இருந்தது. இன்னொரு கையில் ஒரு பெரிய அகத்திக் கட்டு.

"வாங்கண்ணே. சரியான நேரத்துக்கு வந்துட்டீங்க. கபடி இன்னும் ஆரம்பிக்கல."

"நான் வர்றது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அம்சா அக்கா நேத்தே போன் பண்ணிச்சு. 'நாளைக்கு மத்தியானம் உங்க அண்ணன் கோவிச்சிக்கினு வருவாரு. கத்திரி முடியற வரைக்கும் இருப்பாரு. சாவியைக் குடுத்துட்டு, ஆட்டுக்குத் தழை எங்க வாங்குறதுன்னு காட்டிடு'ன்னு சொல்லிச்சு. அந்தக் கருப்புக் கெடா மட்டும் கொஞ்சம் முட்டும்ணே. பின்பக்கம் காட்டாதீங்க."

நேற்றே! நேற்று நான் கோபத்திலேயே இல்லை. நேற்று நல்ல மூடில் அவளுக்கு மல்லிப்பூ வாங்கிக் கொடுத்தேன்!

கொல்லைப் பக்கமிருந்து ஒரு கூட்டமே 'மே' என்று கத்தியது. போனை எடுத்து அம்சவள்ளியைக் கூப்பிட்டேன். எட்டு ஊருக்குக் கேட்கிற மாதிரி கத்துவதற்கு மூச்சை இழுத்துப் பிடித்தேன். அந்தப் பக்கம் என் ஜெனரேட்டர் சீராக ஓடிக்கொண்டிருப்பது கேட்டது.

"கத்தாதீங்க" என்றாள் மெதுவான குரலில். "இப்பதான் தூங்குறான்."

வைத்துவிட்டாள்.

ஒரு விஷயத்தை மட்டும் ஊரறியச் சொல்லிவிடுகிறேன். ஆதிமூலத்தை யாரும் ஏவ முடியாது. அன்றைக்கு அந்த ஆடுகளுக்குத் தழை போட்டுத் தண்ணீர் காட்டியது முழுக்க முழுக்க என் சொந்த முடிவு.